மரமும் மஞ்சளும்: மாதிரி விமானம் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில், பிரிட்டனின் முதல் ஜெட் விமானமான குளோஸ்டர் ஈ.28/39-ஐ எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய அனுபவத்தை இப்பகுதியில் எழுதியிருந்தேன். பெயரில் உள்ள 'ஈ' என்பது சோதனை விமானம் என்பதைக் குறிக்கும்; 1939ஆம் ஆண்டில் அரசு வெளியிட்ட இருபத்தெட்டாவது விமானத் தேவைக்குறிப்பு என்பதே மற்ற எண்களின் பொருள். நான் தருமபுரிக்காரன் என்பதாலோ என்னவோ, வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தே வந்திருக்கின்றன. அவற்றுள் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இயன்றவரை விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு புத்தகத்தில் இந்த விமானத்தின் வாலில் இரண்டு சிறு துணைத் துடுப்புகள் உள்ளன, இன்னொரு படத்தில் அவை இல்லை. ஓரிடத்தில் வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்து இருக்கிறது, மற்றோரிடத்தில் காணவில்லை. எது சரியான வடிவம் என்று தெரியாமல் மூன்று வாரமாக வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: ஐயா, இரண்டு படங்களும் சரியானவையாகவே இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கில் தயாரான போர் விமானத்துக்கு ஒரு வழக்கமான தோற்றம் உண்டு. ஆனால் சோதனை விமானம் என்பது ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் பட்டறைக்குள் போய் ஏதேனும் ஒன்று மாறி வெளியே வருகிற பொருள். ஆகவே 'ஈ.28/39 எப்படி இருந்தது' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. 'இன்ன தேதியில் எப்படி இருந்தது' என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். முதலில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அதைக் காகிதத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு உளியைக் கையில் எடுப்பதே என் வழக்கம்.

இந்த வகையில் மொத்தம் இரண்டு விமானங்களே கட்டப்பட்டன. முதலாவது டபிள்யூ 4041/ஜி. 1941 ஏப்ரலில் பிராக்வொர்த் தளத்தில் தரையில் ஓடிப் பார்த்தபோது அது சில அடி உயரத்துக்குத் துள்ளி எழுந்தது. ஆனால் முறையான முதல் பறப்பு 1941 மே 15 அன்று மாலை 7.40 மணிக்குக் கிரான்வெல் தளத்தில் நிகழ்ந்தது. ஜெர்ரி சேயர் என்ற சோதனை விமானி 17 நிமிடங்கள் பறந்து பத்திரமாக இறங்கினார். என்ஜினை உருவாக்கிய பிராங்க் விட்டில், இளைஞராக விமானப் பயிற்சி பெற்றதும் அதே கிரான்வெல்லில்தான். இரண்டாவது விமானமான டபிள்யூ 4046/ஜி 1943இல் பறக்கத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலை 30 அன்று இறக்கையின் ஓரத்தில் உள்ள திருப்புச் சிறகு இறுகிக்கொண்டதால் அழிந்தது. விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார்.

நீங்கள் குறிப்பிடும் துணைத் துடுப்புகள், வேகமாகப் பறக்கும்போது விமானம் தள்ளாடாமல் இருப்பதற்காக முதல் விமானத்தில் பின்னாளில் பொருத்தப்பட்டவை. ஆகவே முதல் பறப்பு நாளைத் தேர்ந்தெடுத்தால் அவற்றைச் செதுக்காதீர்கள்; வேலையும் குறையும். வட்டத்துக்குள் 'பி' என்பது முன்மாதிரி என்பதைத் தெரிவிக்கும் குறி. தேர்ந்தெடுத்த நாளை ஒட்டி எடுத்த படத்தில் அது தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். படத்தில் தேதி இல்லாதபோது வால் துடுப்பின் மூவண்ணப் பட்டையும் உடலின் வட்டச் சின்னமும் உதவும். 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படை இவற்றின் வெள்ளைப் பகுதியையும் மஞ்சள் வளையத்தையும் குறுக்கியது. எனவே வெள்ளைப் பட்டை மற்ற இரண்டுக்கும் சமமான அகலத்தில் தெரிந்தால் படம் பழையது. மெலிந்து தெரிந்தால் அதற்குப் பிற்பட்டது.

முதல் விமானம் 1946 முதல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே எடுத்த வண்ணப் படங்களைப் பார்த்து அப்படியே செய்வதும் நேர்மையான வழிதான். ஆனால் அப்போது உங்கள் மாதிரி 1941ஆம் ஆண்டின் விமானம் ஆகாது; அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தின் மாதிரி ஆகும். பெயர்ப்பலகையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: போர்க்காலப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அடிப்பகுதி மஞ்சள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் பார்த்த ஒரு படத்தில் அடிப்பகுதி கரும்பச்சையைப் போல அடர்ந்து தெரிகிறது. எப்படி நம்புவது?
— கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: நல்ல கேள்வி. இதற்குள் இருப்பது விமானத்தைப் பற்றிய செய்தியன்று, பிலிமைப் பற்றிய செய்தி. அக்காலத்தில் இரண்டு வகை பிலிம்கள் புழக்கத்தில் இருந்தன. ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகை நீல ஒளியை மிகுதியாக உணரும், சிவப்பை ஏறக்குறைய உணரவே உணராது. அதில் நீலம் வெளிறிப்போகும், சிவப்பு கறுத்துப்போகும், நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மஞ்சள் அடர்ந்த சாம்பலாகப் பதியும். பான்குரோமாட்டிக் என்ற மற்றொரு வகை எல்லா நிறங்களையும் உணர்வதால், அதில் மஞ்சள் வெளிர்நிறமாகவே தெரியும். ஒரே விமானம், ஒரே நாள், இரண்டு புகைப்படக்காரர்கள் என்றாலும் இரண்டு வேறு விமானங்களைப் போலப் படம் வந்துவிடும்.

எந்த பிலிம் என்பதை அறிய, படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. உடலின் பக்கவாட்டில் உள்ள வட்டச் சின்னத்தில் வெளி வளையம் மஞ்சள், அடுத்தது நீலம், பிறகு வெள்ளை, நடுவில் சிவப்பு. இந்த நான்கு நிறங்களும் என்னவென்று நமக்கு முன்பே தெரியும். நீலம் வெளிறியும் வெளி வளையம் அடர்ந்தும் தெரிந்தால் அது ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம். அந்த வளையத்தின் அடர்த்தியையும் விமானத்தின் அடிப்பகுதியின் அடர்த்தியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் அடிப்பகுதி மஞ்சள்தான். வயிற்றுப் பகுதி எப்போதும் நிழலில் இருப்பதால், உடலின் பக்கத்தில் வெயில் படும் இடம் வரை மஞ்சள் ஏறி வந்திருக்கும் இடத்தைப் பார்த்து ஒப்பிடுவது பாதுகாப்பானது.

பிரிட்டனின் முன்மாதிரி விமானங்களுக்கு அடிப்பகுதியில் மஞ்சள் பூசியதற்கு எளிய காரணம் உண்டு. அதுவரை யாரும் கண்டிராத உருவம் ஒன்று வானில் தோன்றினால், தரையில் உள்ள பீரங்கிக்காரர் அதைப் பகை விமானம் என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும். மேற்பகுதியில் மட்டும் கரும்பச்சையும் மண்பழுப்பும் கலந்த வழக்கமான மறைப்பு வண்ணம் இருக்கும். 1941 ஆகஸ்டில் பகல்நேரப் போர் விமானங்களுக்குப் பழுப்புக்குப் பதிலாகச் சாம்பல் வந்ததைப் படித்துவிட்டுச் சிலர் இந்த விமானத்துக்கும் சாம்பல் பூசுகிறார்கள். நான் பச்சையும் பழுப்புமாகவே பூசினேன்.

கேள்வி: நான் ஓசூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். விமானத்தின் உடல் பீப்பாய் போல உருண்டிருப்பதால் லேத்திலேயே கடைந்துவிடலாமே? என்ன மரம் பொருத்தம்?
— வாசகர், ஓசூர்

பதில்: கடையலாம், ஆனால் முழுவதும் முடியாது. மூக்கில் காற்று நுழையும் வாயும், வாலில் வெப்பக்காற்று வெளியேறும் குழாயும் வட்டம். இடைப்பட்ட உடலைப் பக்கவாட்டில் பார்த்தால் முதுகின் கோடும் வயிற்றின் கோடும் ஒன்றுபோல் வளைவதில்லை. லேத்தில் கடைந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்; பார்ப்பவர்களுக்கு அது விமானமாகத் தெரியாது, பம்பரமாகத் தெரியும். வேண்டுமானால் சற்றுப் பருமனாகக் கடைந்துகொண்டு, மீதியைக் கத்தியாலும் அரத்தாலும் இறக்குங்கள்.

உங்கள் லேத்துக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. மூக்கின் வளையத்தை அலுமினியத்தில் கடையுங்கள். அதன் உதடு மிக மெல்லியதாக இருந்தால்தான் அழகு; மரத்தில் அவ்வளவு மெல்லியதாகச் செய்தால் உடைந்துவிடும். வால் குழாயையும் அப்படியே செய்யலாம். மூன்று சக்கரங்களையும் நைலான் கம்பியில் கடைந்தால், டயருக்கும் உள்வட்டுக்கும் இடையே உள்ள சிறு பள்ளம் சுத்தமாக வரும். கையால் அதைச் செய்ய முயன்று நான் எட்டுச் சக்கரங்களைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

மரத்தைப் பொறுத்தவரை, நம் பகுதியில் கிடைப்பதில் வெப்பாலையை விட உயர்ந்தது எனக்குத் தெரியாது. சென்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் அந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. இழை நெருக்கமாகவும் நிறம் தந்தம் போலவும் இருப்பதால், வண்ணத்துக்கு அடியிலிருந்து இழைக்கோடு மேலே எழுந்து வராது. அது கிடைக்காவிட்டால் குமிழ் மரம் போதும். பால்சா மரத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள்; அது பறக்கும் மாதிரிக்கு உரியது. மேசையில் நிற்கும் மாதிரிக்கு அதன் மென்மையே பகை, நகம் பட்டாலே பள்ளம் விழும்.

செதுக்கியபின் மரக்கடைகளில் கிடைக்கும் சாண்டிங் சீலரில் முகத்துக்குப் பூசும் பவுடரைச் சிறிது கலந்து மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கடைசித் தேய்ப்புக்கு வாகனப் பெயின்டிங் பட்டறையில் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் ஏற்றது; ஆனால் மரத்தின் மீது தண்ணீரைக் கொட்டாமல், லேசாக ஈரப்படுத்தித் தேய்த்தால் போதும்.

அளவைப் பற்றி ஒரு சொல். உண்மை விமானத்தின் இறக்கை விரிவு 8.84 மீட்டர், நீளம் ஏறத்தாழ 7.7 மீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் விரிவு 12.3 சென்டிமீட்டர், நீளம் 10.7 சென்டிமீட்டர் வரும். ஜெராக்ஸ் கடையில் வரைபடத்தைச் சுருக்கியோ பெருக்கியோ எடுத்ததும், இரண்டு அளவுகளையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சில இயந்திரங்கள் ஒரு பக்கமாக மட்டும் படத்தை இழுத்துவிடும். விரிவு சரியாகவும் நீளம் பிசகியும் இருந்தால் பிழை உங்களுடையதன்று.

கேள்வி: எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற இந்த வினோதக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஐம்பது, நூறு என்று வைத்திருக்கலாமே?
— வாசகர், பாலக்கோடு

பதில்: அடி, அங்குலக் கணக்கு. உண்மையில் ஆறடி என்பது மாதிரியில் ஓர் அங்குலம். ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாவான். 1930களிலேயே பிரிட்டனில் இந்த அளவில் மாதிரிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. போர் வந்தபோது இதற்கு வேறொரு பயன் கிடைத்தது. வானில் வருவது நம்முடையதா பகைவருடையதா என்று சிப்பாய்களுக்குக் கற்பிக்க மர மாதிரிகள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் இதே அளவில் ஐந்து லட்சம் மாதிரிகளைச் செதுக்கித் தருமாறு கேட்டது. பத்து மீட்டர் தொலைவில் அந்த மாதிரியைப் பிடித்தால், 720 மீட்டர் தொலைவில் உண்மை விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். அந்த மாதிரிகளுக்கு ஒரே நிறம்தான், கறுப்பு. நம்மைப் போல மஞ்சளுக்காக அவர்கள் அல்லாடவில்லை.

கேள்வி: மஞ்சள் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கிறது. ஆறு முறை பூசியும் அடியில் உள்ள சாம்பல் பிரைமர் தெரிகிறது. எந்த மஞ்சளை வாங்குவது?
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: பிழை மஞ்சளில் இல்லை, சாம்பல் பிரைமரில் இருக்கிறது. மஞ்சள் நிறமி இயல்பிலேயே ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பலின் மேல் மஞ்சள் பூசினால் லேசான பச்சை தட்டுவதையும் கவனித்திருப்பீர்கள். வயிற்றுப் பகுதிக்கு வெள்ளைப் பிரைமர் பூசி, அது காய்ந்தபின் மஞ்சளை மெல்லியதாக மூன்று முறை பூசினால் போதும். ஒரே முறையில் மூடிவிட வேண்டும் என்ற ஆசையில் கெட்டியாகப் பூசினால், இறக்கையின் விளிம்பில் வழிந்து தடித்துவிடும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் மஞ்சள், எலுமிச்சை மஞ்சள் அன்று. சிறிது செம்மை கலந்த, வெதுவெதுப்பான மஞ்சள். நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளி மாம்பழத்தின் தோலை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. செந்தூராவின் சிவப்பு வரை போய்விடக் கூடாது. கடையில் கிடைக்கும் அக்ரிலிக் மஞ்சளில் ஆரஞ்சைத் துளித்துளியாகச் சேர்த்து, அட்டையில் பூசி, காயவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் தெரிவது வேறு, காய்ந்தபின் தெரிவது வேறு. மேற்பகுதியின் பச்சையிலும் பழுப்பிலும் சிறிது வெள்ளை கலப்பது என் வழக்கம். தொலைவில் உள்ள பொருளின் நிறம் காற்றால் வெளிறித் தெரியும் என்பதால், சிறிய மாதிரியில் உண்மை நிறத்தை அப்படியே பூசினால் கறுத்துப்போனது போல இருக்கும். இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மஞ்சள், பிறகு மாஸ்கிங் டேப், அதன் பிறகு பழுப்பு, கடைசியாகப் பச்சை. பழுப்பும் பச்சையும் சந்திக்கும் கோட்டைப் புகைபோல் மங்கலாக்க வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். உண்மை விமானத்தில் அந்தக் கோடு ஓர் அங்குலத்துக்கு மங்கியிருந்தாலும், உங்கள் மாதிரியில் அது 0.35 மில்லிமீட்டர்தான் வரும். கூரான கோடே போதும்.

கேள்வி: மாதிரியைக் கீழே வைத்தவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடுகிறது.
— வாசகர், அரூர்

பதில்: புரொப்பெல்லர் இல்லாததால் இந்த விமானத்துக்கு நீண்ட கால்கள் தேவைப்படவில்லை, மூக்கில் ஒன்றும் இறக்கைகளில் இரண்டுமாகக் குட்டையான மூன்று சக்கரங்கள். மூக்குச் சக்கரம் உள்ள எந்த மாதிரிக்கும், பிரதான சக்கரங்களுக்கு முன்னால் எடை சேர்த்தே தீர வேண்டும். எவ்வளவு என்பதை அறிய, சக்கரங்கள் வரும் இடத்தில் இறக்கையை இரண்டு பென்சில்களின் மேல் வைத்து, மூக்கு தாழும் வரை அதன் மேல் சிறு எடைகளை ஒட்டிப் பாருங்கள். பிறகு வயிற்றில் துளையிட்டு, மீன்பிடிச் சாமான் கடைகளில் விற்கும் தூண்டில் ஈயக்குண்டுகளை நசுக்கி உள்ளே திணித்துவிடலாம்.

எதைக் கொண்டு ஒட்டுவது என்பதில் கவனம் வேண்டும். முன்பு செய்த ஒரு மாதிரியில் நான் ஈயத்தை மரவேலைக்கான வெள்ளைப் பசையில் குழைத்து அடைத்தேன். ஈராண்டு கழித்து ஒரு நாள் அலமாரியைத் திறந்தால், மூக்கு பிளந்து உள்ளிருந்து வெள்ளைத்தூள் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து உப்பச்செய்கிறது. அதன் பிறகு இரண்டு டியூப்களாக வரும் எபாக்சிப் பசையைத் தவிர வேறெதையும் ஈயத்தின் அருகே நான் விடுவதில்லை. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: என் பேரன் செய்ததைப் பார்த்த உறவினர்கள் எல்லாரும் 'முன்னாலே விசிறி எங்கே, ஒட்ட மறந்துவிட்டானா' என்று கேட்கிறார்கள். அவன் அழாத குறை.
— வாசகி, மொரப்பூர்

பதில்: உறவினர்களைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. 1942இல் அமெரிக்கர்கள் தங்கள் முதல் ஜெட் விமானமான பெல் எக்ஸ்பி-59ஏ-வைச் சோதனைத் தளத்துக்குக் கொண்டுபோனபோது, வேறு யாரும் இதே கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே மூக்கில் மரத்தால் செய்த போலிப் புரொப்பெல்லர் ஒன்றை மாட்டி வைத்தார்கள். தரையில் நிற்கும்போது மட்டும்தான். பறக்கும் முன் கழற்றிவிடுவார்கள். அடுத்ததாக அந்த விமானத்தையும் அந்தப் போலி விசிறியையும் பேரனைச் செய்யச் சொல்லுங்கள். உறவினர்கள் திருப்தியாகப் பார்த்து முடித்ததும், அதை உருவிக் கையில் கொடுக்கட்டும்.

கேள்வி: விமானியின் தலைக்கு மேல் உள்ள கண்ணாடிக் கூண்டை எப்படிச் செய்வது?
— வாசகர், பாலக்கோடு

பதில்: கூண்டின் வடிவத்தை மரத்தில் செதுக்கி, கண்ணாடி போல வழவழப்பாகத் தேயுங்கள். குடிநீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு மரக்கட்டையை உள்ளே வைத்து, ஹீட் கன்னால் சுற்றிலும் சூடு காட்டினால் பாட்டில் சுருங்கிக் கட்டையை இறுகப் பற்றும். ஆறியபின் கத்தியால் வெட்டி எடுங்கள். வரிகள் இல்லாத, சமதளமான பக்கங்கள் கொண்ட பாட்டிலாகப் பார்த்து எடுக்க வேண்டும். உடனடிப் பசையால் ஒட்டினால் கண்ணாடியில் வெண்புகை படியும். இந்த இடத்துக்கு மட்டும் வெள்ளைப் பசையே நல்லது.

கேள்வி: ஐப்பசியில் நானும் மகனும் பூசிய வார்னிஷ் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. சித்திரையில் பூசிய இன்னொன்று மணல் தூவியது போலச் சொரசொரக்கிறது. எங்கள் ஊர்க் காற்றுக்கு ஏதேனும் சாபமா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. தின்னர் கலந்த வார்னிஷ் காயும்போது தின்னர் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. மழைக்காலக் காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் நுண்துளியாகப் படிந்து, பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது, அதுவே வெண்மை. அதைச் சுரண்டிவிடாதீர்கள். நல்ல வெயில் நாளில், மெதுவாகக் காயும் தின்னரை மிக மெல்லியதாக மேலே தெளித்தால், பூச்சு இளகி ஈரம் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிடும். சித்திரையில் நடந்தது இதற்கு நேர்மாறு: தெளித்த துளி மாதிரியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து தூளாகப் படிந்தது. கோடையில் விடியற்காலையில், அருகிலிருந்து தெளியுங்கள். வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி பூசினால் சொரசொரப்பு போய்விடும். ஓசூர் வாசகர்களுக்கு இந்தக் கோடைத் தொல்லை அவ்வளவாக இராது. எந்தப் பருவமானாலும் தின்னர் வேலையைச் சமையலறையில் செய்யாமல், காற்றோட்டமான திண்ணையில் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மகனுக்கும் மாஸ்க் போட்டுவிடுங்கள்.

கேள்வி: விமானத்தின் எண்ணை எழுத முடியவில்லை. கை நடுங்குகிறது. எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஜி' எதற்கு?
— வாசகர், தருமபுரி

பதில்: 'ஜி' என்பது காவல் எனப் பொருள்படும் 'கார்டு' (Guard) என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அந்த எழுத்துள்ள விமானம் எங்கே நின்றாலும் அதற்கு ஆயுதக் காவல் போட்டாக வேண்டும் என்பது விதி. ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். இந்த விமானத்தின் கதை முழுவதும் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் விமானப்படையில் எண்களின் வழக்கமான உயரம் 8 அங்குலம். மாதிரியில் அது 2.8 மில்லிமீட்டர் வரும். அந்த அளவைத் தூரிகையால் எழுதுவதற்கு நம் பழைய நம்பர் பிளேட் ஓவியர்களின் கை வேண்டும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரங்களும் இவ்வளவு சிறிய எழுத்தில் ஓரங்களைக் கிழித்துவிடுகின்றன. நான் செய்தது இதுதான்: டீகால் தாள் எனப்படும், தண்ணீரில் நனைத்து நழுவவிடும் தாளில் லேசர் பிரின்டரில் கறுப்பு எழுத்தை அச்சிட்டு, மேலே பளபளப்பு வார்னிஷ் பூசி, வெட்டி ஒட்டினேன். ஒட்டும் இடம் முதலில் பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கிய பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளிபோல் மின்னும். ஒட்டி முடித்தபின் மொத்தத்துக்கும் மேட் வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். வட்டச் சின்னங்களை மட்டும் ஸ்டிக்கர் கடையில் வெட்டிய மாஸ்க் கொண்டு வண்ணமாகவே தீட்டுங்கள், அச்சிட்ட மஞ்சள் கரும்பச்சையின் மேல் நிற்காது.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்கள் ஜெர்மனியின் ஹெயின்கல் ஹீ 178, மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262 ஆகிய இரண்டையும் செய்கிறார்கள். மீ 262-இன் வாலில் உள்ள ஸ்வஸ்திகாவைப் போட வேண்டுமா? சில பெற்றோர் 'அது மங்களச் சின்னம்தானே' என்கிறார்கள். சிலர் கூடவே கூடாது என்கிறார்கள்.
— அறிவியல் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஹீ 178-ஐத் தேர்ந்தெடுத்ததற்குப் பாராட்டு. 1939 ஆகஸ்ட் 27 அன்று எரிக் வார்சிட்ஸ் ஓட்டிப் பறந்த அதுவே உலகின் முதல் ஜெட் விமானம். நம் குளோஸ்டர் அதற்கு ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள் பிந்தியது.

சின்னத்தைப் பற்றி: கணக்குப் புத்தகத்திலும் வாசற்படியிலும் நாம் மஞ்சள் குங்குமத்தால் போடுவதும், அந்த வாலில் இருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் இரு தரப்பாருக்கும் சொல்லுங்கள். அது லட்சக்கணக்கான மக்களைக் கொன்ற ஓர் அரசின் கொடி. ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டுவதற்குச் சட்டத் தடை இருப்பதால், மாதிரி விமானங்களை விற்கும் பல நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளில் அதை அச்சிடுவதே இல்லை. வீட்டு அலமாரியில் வைக்கும் மாதிரியாக இருந்தால், வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் போட்டுவிடுவேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நின்று பார்க்கும் மேசையில், அருகில் நின்று விளக்க ஆள் இல்லாதபோது, போடமாட்டேன். இடத்தை வெறுமையாக விட்டு, ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதை ஓர் அட்டையில் மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டு விமானமாகவே இருக்கிறதே, போர்க்காலத்தில் நம் நாட்டில் செய்த சோதனை விமானம் எதுவும் இல்லையா?
— வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்திலேயே இருந்தது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வி. எம். காட்கே 1941இல் ஜி-1 என்ற கிளைடரை வடிவமைத்தார். படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்கான, என்ஜின் இல்லாத, மரத்தாலான விமானம் அது. நாட்டிலேயே வடிவமைத்த பயிற்சி விமானமான எச்டி-2 பின்னர் அவருடைய வழிகாட்டுதலில்தான் உருவாயிற்று. மர விமானத்துக்கு மர மாதிரி என்பது மிகப் பொருத்தமான வேலை. வெப்பாலை இருக்கவே இருக்கிறது.

அந்த நிறுவனமே இன்று ஹெச்.ஏ.எல். எனப்படுகிறது; பெங்களூருவில் உள்ள அதன் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே இந்தியாவில் உருவான ஜெட் போர் விமானமான எச்எப்-24 மாருத் நிற்கிறது. 1961இல் முதன்முதலாகப் பறந்த அதை வடிவமைத்தவர் கர்ட் டாங்க். போர்க்காலத்தில் ஜெர்மனிக்காக ஃபோக்-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த அதே மனிதர். தகடும் தகடும் சேரும் கோடு எவ்வளவு மெல்லியது, வெயிலிலும் மழையிலும் நின்ற வண்ணம் எங்கே வெளிறுகிறது, சக்கரத்தின் அருகே அழுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையெல்லாம் படத்தில் பார்ப்பதும் பக்கத்தில் நின்று பார்ப்பதும் வேறு. போகும்போது வண்ணம் பூசிய அட்டைத் துண்டுகளையும் பையில் எடுத்துப் போங்கள். திறந்தவெளியில் பிடித்துப் பார்த்தால், உங்கள் பச்சை எவ்வளவு கறுத்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.